நீ அடைத்த ஓட்டைகள்

திருப்பரங்குன்றம்
26.2.82, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் சோணைக்கு அப்பா விருமாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை பாண்டியம்மாளும் குன்றத்து முருகன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கடல் தாண்டி இருக்கிற உனக்கும் ஒரு குறையும் வராமல் அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ போட்ட கடிதம் கிடைத்தது. மிலிட்டரி லாரி வேலை நல்லபடியாக முடிந்து கொட்டாம்பட்டி சின்னச்சாமி வண்டியை எடுத்துப் போய்விட்டார். உன் வெல்டிங் நன்றாக இருக்கிறது. வெல்டிங் செட்டு அனுப்புவதாக எழுதியிருந்தாய், அனுப்பு. உலையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தை ஒதுக்கி வைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இதுவரைக்கும் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. சொல்லி முடித்ததும் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். இனிமேல் எழுதுவது பாண்டியம்மாள், யாரும் சொல்லாமல் நானாக எழுதுவது. அண்ணே, மேலே அப்பா சொன்னதில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று இருக்கிறதே, அது ஒன்றுதான் நிஜம். மற்றதெல்லாம் பொய். லாரி போகவில்லை, இதோ என் முதுகுக்குப் பின்னால் பட்டறையில்தான் நிற்கிறது. உன் வெல்டிங் நன்றாக இல்லை. நாங்களும் நன்றாக இல்லை. எப்போதும் அப்பா என்ன செய்வார் என்று உனக்கே தெரியும், வெறும் தாளின் அடியில் முதலில் தன் கையெழுத்தைப் போட்டு என்னிடம் நீட்டிவிட்டு, அதற்கு மேலே எழுதச் சொல்லுவார். இன்றைக்குத் தாளை அப்படியே கொடுத்து, “கையெழுத்த நீயே போட்ருத்தா, எம்மாதிரி போட ஒனக்குத்தான் வருமே” என்றார். எனக்கு வரும்தான். ஆனால் போட மாட்டேன். அப்பாவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. தை பிறந்த மறுவாரம் பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு விரலும் இன்னும் மடங்கவில்லை. சாப்பிடுவது இடது கையால்தான், அதுவும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டு. இதை உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்யவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் எல்லாரும் சரி என்று எடுத்துக்கொள்கிறீர்கள், அது என் தப்பு இல்லை.

உன் கடிதத்தை நான்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அதில் நீ, லாரி எப்படி ஓடுகிறது, என் வேலையைப் பார்த்துச் சின்னச்சாமி என்ன சொன்னார், இங்கே என்னோடு தங்கியிருக்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன், சண்டைக்காலத்து லாரியை மூன்று நாளில் எழுப்பி நிறுத்தினேன் என்று அவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள், ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் அப்பா எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். குடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் உலையைப் பிரித்துப் போட்டுவிடுங்கள், இனிமேல் கரியும் புகையும் வேண்டாம், பாண்டியும் வீட்டோடு இருக்கட்டும், கே.கே. நகரில் ஒரு டாக்டர் வீட்டுக் காரோட்டி இருக்கிறான், நல்ல பையன், பேசி முடியுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பையன் வீட்டிலிருந்து போன வாரம் வந்தார்கள். அவனுடைய அத்தை என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “என்ன புள்ள, அடுப்புக்குள்ளயே கைய வச்சிருப்பியோ” என்றாள். அம்மா அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். என் கை இப்படி ஆனது எதனால்? எட்டாம் வகுப்பில் பாதியில் என்னை நிறுத்தினீர்களே, எதற்கு? நீ சவூதிக்குப் போய்விட்டாய், உலைக்குக் காற்றுச் சக்கரம் சுற்ற ஆள் இல்லை, அதற்கு. உன் இடத்தில் என்னைக் கொண்டுவந்து வைத்தீர்கள். சரி என்று வந்தேன். வந்து பழகி, இப்போது இரும்பு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தே எடுக்கத் தெரிகிறபோது, இடத்தை ஒதுக்கு, நீ வீட்டுக்குப் போ என்று கடல் தாண்டி எழுதுகிறாய்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கார்த்திகையில் நீ லீவில் வந்தபோது அந்த லாரி பட்டறைக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஏன் இம்புட்டு நாள் என்று நீ கேட்டாய், ஊரே கேட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் சண்டைக்கு வந்த லாரி அது, முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும், அதனால்தான் கல்லுக்குழியிலிருந்து மேலே ஏற மற்ற லாரியெல்லாம் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கிற இடத்தில் இது ஏறும் என்று சின்னச்சாமி அதை ஏலத்தில் எடுத்தார். யாரோ ஒருவருடைய அரிசி ஆலைக்குப் பின்னால் மழையிலும் வெயிலிலும் கிடந்து சேஸ் சட்டமெல்லாம் துருவேறிப் போயிருந்தது. இரண்டு நீளச் சட்டம், நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்குச் சட்டம், எல்லாம் ரிவிட்டாணியைக் காய்ச்சி அடித்துச் சேர்த்தது, உனக்குத் தெரியாதது இல்லை. அப்பா ஒவ்வொரு ரிவிட்டாகத் தலையை வெட்டி எடுத்து, செத்துப்போன இரண்டாவது குறுக்குச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுசு வளைத்து வைத்து, பழைய ஓட்டைக்கு நேராகப் புது ஓட்டை வருகிற மாதிரி துளைத்து, ஒன்றுவிட்டு ஒன்று போல்ட்டு போட்டு நிறுத்தி வைத்திருந்தார். மீதி ஓட்டையெல்லாம் திறந்து கிடந்தது. அந்த அளவு ரிவிட்டு மதுரையில் கிடைக்கவில்லை, கோயம்புத்தூருக்குச் சொல்லிவிட்டிருந்தார், அது வரவில்லை. இவ்வளவுதான் விஷயம். வேலை நிற்கவில்லை அண்ணே, ரிவிட்டுக்குக் காத்திருந்தது. ஆனால் அப்பா யாரிடமும் இதைச் சொல்கிற ஆளா? கேட்டால் “ஆகட்டும்” என்பார். உன்னிடமும் “ஆகட்டும்யா” என்றுதான் சொன்னார்.

பெரியம்மா செத்துப்போன செய்தி வந்து அப்பாவும் அம்மாவும் உசிலம்பட்டிப் பக்கம் போயிருந்த அந்த மூன்று நாளில், நீ உன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வாடகைக்கு வெல்டிங் செட்டு எடுத்துவந்து இறங்கினாய். “எங்கப்பா ஓட்டை போட்டே ஒரு வருசத்த ஓட்டிருவாருடா மாப்ள” என்று நீ சொன்னதும் அவர்கள் சிரித்தார்கள். எனக்கு நாலு பேர் வந்தால் லாரிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிற புத்தி என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால் வந்து நின்று, “அண்ணே, அது சும்மா கெடக்குற ஓட்ட இல்ல, ரிவிட்டு வரணும், அப்பா வந்துரட்டும்” என்று சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. “எட்டாப்புத் தாண்டாத எஞ்சினியரம்மா சொல்லிட்டாங்கடா, செட்ட ஆப் பண்ணுங்கடா” என்று சொன்னாய். ஒருத்தன் எனக்குச் சல்யூட் வைத்தான். நான் உள்ளே போய்விட்டேன். நீ ஓட்டையெல்லாம் வெல்டிங்கால் அடைத்தாய். குறுக்குச் சட்டத்தை நீளச் சட்டத்தோடு சுற்றிலும் ஒட்டினாய். அப்பா போட்டு வைத்திருந்த போல்ட்டைக் கழற்றிப் பழைய இரும்போடு வீசினாய். கிரைண்டர் வைத்து வழவழ என்று தேய்த்து, பச்சைப் பெயிண்டு அடித்து, வண்டிக்குக் கற்பூரம் வேறு காட்டினாய். தெருவே வந்து பார்த்தது. இட்லிக்கடை அழகம்மாள் அக்கா, “சவூதிக் கை சவூதிக் கைதான், இவங்கப்பன் இருந்தா இன்னும் சுத்தியல தேடிக்கிட்டு இருப்பாரு” என்று சொன்னாள்.

அப்பா வந்து பார்த்தார். சுற்றி வந்தார். சின்னச் சுத்தியலை எடுத்து அங்கே இங்கே தட்டினார். ரிவிட்டு அடித்த சட்டத்தைத் தட்டினால் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி பேசும், இறுகியிருந்தால் கணீர் என்றும், தளர்ந்திருந்தால் டொக்கென்றும் சொல்லும். நீ ஒட்டிய சட்டம் எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி பேசியது. அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். நீ பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் மார்க்கு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி நின்றாய். “பாக்க நல்லாருக்குய்யா” என்றார் அப்பா. அதைத்தான் நீ தம்மாம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறாய். அன்றைக்கு நீ வெளியே போனதும் அப்பா என்னிடம், “அவன் ரயிலேறட்டும்த்தா, அப்பறம் பிரிச்சுக்குவோம், லீவுக்கு வந்த புள்ளைய ஏன் நோகடிக்கணும்” என்று சொன்னார். அண்ணே, உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அப்பாமேலும் இருக்கிறது. அவர் காதுபட இதைச் சொல்லவும் போகிறேன். உன் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை, தப்புய்யா என்று ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால், இன்றைக்கு அவர் கையால் சோறு தின்றுகொண்டிருப்பார்.

நீ ரயிலேறிய மறுநாளே சின்னச்சாமி வந்துவிட்டார். பெயிண்டு அடித்த வண்டியைப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டதே, ஏன் சொல்லவில்லை என்று உட்கார்ந்து ஸ்டார்ட்டே பண்ணிவிட்டார். அப்பா இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றார். என்ன வேலை என்று அவர் கேட்டார். என் மகன் செய்தது தப்பு, பிரித்துச் செய்யணும் என்று வெளி ஆளிடம் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. “சும்மா ஓட்டிப் பாரும், பாரம் ஏத்த வேணாம்” என்று சொல்லி அனுப்பினார். பொங்கல் வரைக்கும் அது சும்மாதான் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. பொங்கல் முடிந்து கல் ஏற்றப்போகிறோம் என்று ஆள் வந்து சொன்னதும், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸேறிக் கொட்டாம்பட்டிக்கு ஓடினார். போய்ச் சேர்வதற்குள் ஏற்றிவிட்டார்கள். குழியிலிருந்து மேலே ஏறும்போது ஒரு சக்கரம் மேட்டிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலும் வரும், அப்போது அந்தச் சட்டம் முறுக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பித் தன் இடத்துக்கு வரவேண்டும், ரிவிட்டு அதற்கு விட்டுக்கொடுக்கும். நீ அதைக் கட்டிப்போட்டுவிட்டாய். அது முறுக்க முடியாமல் உன் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே, சூடு பட்டு விறைத்துப்போன இடத்தில் கீறியது. வெல்டிங் விடவில்லை, அதுதான் கொடுமை, அது அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இருக்கிற நல்ல இரும்பு கிழிந்துவிட்டது. சத்தத்தைக் கேட்டதுமே அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, அடியில் போய்ப் படுத்து, எம்புட்டுத் தூரம் கிழிந்திருக்கிறது என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்திருக்கிறார். மேலே கல் ஒன்று நகர்ந்திருக்கிறது. சட்டம் ஒரு அரை விரற்கடை இறங்கியது. அவ்வளவுதான். ஜாக்கி வைத்துத் தூக்கித்தான் கையை எடுத்தார்கள்.

இதற்கப்புறம் நடந்ததைத்தான் நீ நன்றாகப் படிக்க வேண்டும். சின்னச்சாமி நல்ல மனுஷர், அவரே தன் துண்டைக் கிழித்துக் கையைச் சுற்றி, வேனில் போட்டு மதுரைக்குக் கொண்டுவந்தார். ஆனால் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாராம். “யோவ் விருமாண்டி, எவன்யா இத ஒட்டுனது? அவன் கைய முறிக்கணும்யா. சட்டம் முழுசா முறிஞ்சிருந்தா உள்ள இருந்த ஆளு செத்துருப்பான்யா” என்று கேட்டிருக்கிறார். அப்பா, “நாந்தான்யா ஒட்டுனேன்” என்று சொல்லியிருக்கிறார். அண்ணே, கை நசுங்கி ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கிறபோது அதைச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சின்னச்சாமி அதை அம்மாவிடம் சொல்லி, “ஒம் வீட்டுக்காரருக்குக் கை போச்சோ இல்லையோ, மூளை முன்னாடியே போயிருச்சும்மா” என்றபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். இப்போது திருச்சி ரோடு முழுக்க, லாரிக்காரர்கள் டீ குடிக்கிற இடமெல்லாம், விருமாண்டிக்குக் கண்ணும் கையும் விழுந்துவிட்டது, ரிவிட்டு அடிக்கச் சோம்பேறித்தனப்பட்டு ஓட்டையை வெல்டிங்கால் அடைத்துப் பச்சைப் பெயிண்டைப் பூசிக் கொடுத்துவிட்டார் என்றுதான் பேச்சு. முன்பெல்லாம் வரிசையில் நின்ற வண்டிகளில் ஒன்றும் இப்போது வருவதில்லை. இதில் உன் பெயர் எங்கேயும் இல்லை. உன் பெயர் போட்டோவுக்குக் காத்துக்கொண்டு அங்கே பத்திரமாக இருக்கிறது.

லாரியை டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார் சின்னச்சாமி. பங்குனித் தேருக்குள் பழையபடி ரிவிட்டு அடித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வேன், இல்லையென்றால் வேறு பட்டறைக்கு இழுத்துப் போவேன் என்று சொல்லிவிட்டார். அதனால் இப்போது யார் வேலை செய்கிறார்கள் தெரியுமா? அம்மா. நெல் குத்திய கைதானே என்று சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சம்மட்டியை எடுத்துவிட்டாள். உன் வெல்டிங்கை நானும் அம்மாவும் உளி வைத்து வெட்டி எடுத்தோம், கண்ணெல்லாம் இரும்புத்தூள், அடைத்த ஓட்டையெல்லாம் திரும்பத் துளைத்தோம். கிழிந்த இடத்துக்கு மேலே தடிமனாக ஒரு பட்டை வைத்து அதையும் சேர்த்து அடிக்கிறோம். நான் உலையில் ரிவிட்டைக் காய்ச்சி, குறட்டில் எடுத்து ஓட்டையில் விடுவேன். அப்பா அந்தப் பக்கம் முட்டு இரும்பை இடுப்பிலும் தோளிலும் வைத்து முதுகாலேயே தாங்கிக்கொள்வார், கையால் பிடிக்க முடியாதே. அம்மா இந்தப் பக்கம் அடிப்பாள். ஒவ்வொரு அடியும் அப்பாவின் முதுகில்தான் போய் முடிகிறது, எனக்குத் தெரியும், ஆனால் அவர் “இன்னும் ஒண்ணு போடு” என்றுதான் சொல்வார். முதலில் அடித்ததெல்லாம் நான் ஓட்டையில் விடுவதற்குள் ஆறிப்போய்விட்டது, டொக்கென்று பேசியது, அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் “இது செத்தது, வெட்டு” என்றார். வெட்டினோம். இப்போது பேசுகிறது. அன்றைக்கு அழகம்மாள் அக்கா வாசலில் வந்து நின்று, “ஏ மாயக்கா, ஒனக்கு என்னடி தலையெழுத்து, ஆம்பள வேலையெல்லாம் பாத்துக்கிட்டு” என்று கேட்டாள். அம்மா சம்மட்டியை இறக்காமலே, “இது ஆம்பள வேலைன்னு எனக்குத் தெரியாதுக்கா, தெரிஞ்சவன் சவூதியில இருக்கான்” என்று சொன்னாள். நான் லாரிக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரித்தேன். இதுவரைக்கும் இந்த வருஷத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வேறு செய்தி என்றால், சிவராத்திரிக்கு இந்தத் தடவை குலசாமி கோயிலுக்கு நாங்கள் போகவில்லை. கை இப்படி இருக்கும்போது பங்காளிகள் முன்னால் திருநீறு வாங்க எப்படி நீட்டுவது என்று அப்பா சொல்லிவிட்டார். பங்காளி வீட்டுக் கருப்பு வந்து பிரசாதம் கொடுத்துவிட்டுப் போனான், உன்னைக் கேட்டான். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. பின்சுவர் மழையில் சரிந்ததை அம்மா மண் வைத்துப் பூசிவிட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம், சம்மட்டி எடுத்ததிலிருந்து தோளும். வெயில் காலத்தில் நீ மொட்டை மாடியில் ஈரத்துணி போர்த்திக்கொண்டு தூங்குவதாக எழுதியிருந்தாயே, அப்படித் தூங்காதே, சளி பிடிக்கும் என்று அம்மா எழுதச் சொன்னாள். வெல்டிங் அடிக்கும்போது கண்ணாடி போடாமல் அடிக்காதே, கண் போய்விடும். இதுவும் அம்மாதான். நான் இதையெல்லாம் உனக்கு எழுதப்போகிறேன் என்றதும் முதலில் அம்மா, “அவன் சோறு எறங்காமக் கெடப்பான்டி, எழுதாத” என்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, “எழுது. ஒரு நாளு எறங்காட்டி என்ன” என்றாள்.

வெல்டிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை அண்ணே. மட்கார்டு ஒட்டு, கதவு ஒட்டு, தொட்டி ஒட்டு, உனக்கு அது நன்றாக வரும், எனக்குத் தெரியும். ஒருத்தர் திறந்து வைத்துவிட்டுப் போன ஓட்டையைப் பார்த்தால் ஏன் திறந்திருக்கிறது என்று கேள். அப்பா சொல்ல மாட்டார், அதனால் என்னைக் கேள். நான் சொன்னேன் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள். நீ செட்டு அனுப்பினாலும் உலையைப் பிரிக்க நான் விட மாட்டேன். அப்பா பிரிக்க வந்தால் அதற்கு முன்னால் நான் போய் நிற்பேன். நீ அடுத்த லீவில் வரும்போது இன்னொரு வண்டிக்குச் சட்டம் பிரித்துப் போட்டிருப்போம், அதிலும் ஓட்டை திறந்துதான் கிடக்கும், மறுபடி வாடகைச் செட்டோடு ஆளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடாதே என்பதற்காகத்தான் அப்பா சொன்னதோடு நிறுத்தாமல் இத்தனை தாள் எழுதுகிறேன். நீ பதில் போடும்போது முதல் வரியில் நலம், நலமறிய ஆவல் என்று எழுதாதே. எழுதினால் அந்த வரியை நான் படித்துக் காட்ட மாட்டேன். அப்பாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டு ஆரம்பி. அதை மட்டும் படிப்பேன்.

அப்பா வந்துவிட்டார். டீக்கடையிலிருந்து வந்து, எழுதியாச்சா என்று கேட்டார், இத்தனை தாளைப் பார்த்துவிட்டு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன், அவர்மேல் கோபம் என்று எழுதியதையும் விடாமல் படித்தேன். அம்மா வாசல்படியில் நின்று கேட்டாள். பிடுங்கிக் கிழித்துவிடுவார் என்று நினைத்துத் தாளை இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்பா, “ரெண்டாவது குறுக்குச் சட்டம்னா எழுதிருக்க? அது மூணாவதுத்தா” என்றார். ஆகவே அண்ணே, மேலே இரண்டாவது என்று இருப்பதை மூன்றாவது என்று படித்துக்கொள். அப்புறம், “ஒல இருக்கட்டும்னு எழுது. செட்டு வந்தா அந்த மூலையில கெடக்கட்டும்” என்றார். எழுதிவிட்டேன். எழுந்து போய் லாரிப் பக்கம் நின்றுகொண்டு, நாங்கள் வெட்டிப்போட்ட வெல்டிங் துண்டு ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, “வெல்டிங்கு சுத்தமாத்தான் அடிச்சிருந்தான், ஊசி போக எடமில்ல. அதையும் எழுதிரு” என்றார். அவர் சொன்னார் என்பதற்காக எழுதுகிறேன். நான் சொல்லவில்லை.

அம்மாவும் அப்பாவும் உனக்குச் சொல்லும் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, என் கோபம் அதைக் குறைக்காது. நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணாடி போட்டுக்கொள். போட்டோ கேட்டிருந்தாய், லாரி ரிவிட்டோடு எழுந்து நிற்கும்போது எடுத்து அனுப்புகிறேன், அதில் அம்மாவும் நிற்பாள், நானும் லாரிக்கு இந்தப் பக்கமாக நிற்பேன்.

கீழே இருப்பது அப்பா இடது கையால் போட்ட கையெழுத்து. பாதியில் கை வலித்து நிறுத்திவிட்டார். மீதியைப் போட்டுவிடு என்று பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா

விருமா